செம்பருத்தியில் மாவுப்பூச்சி: பொறிவண்டு வாங்கி விடலாமா?

மாடிக்காரன் (மடிப்பாக்கம்) | மார்ச் 3, காலை 8:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்றாவது மாடியில் நாற்பது தொட்டி வைத்திருக்கிறேன். ஆறு செம்பருத்தி, டிரம்மில் ஒரு பப்பாளி, மீதி கத்தரி, வெண்டை, கீரை. செம்பருத்தியின் கொழுந்தெல்லாம் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. இலை சுருண்டு, மொட்டு விரியாமலே உதிர்கிறது. வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தாயிற்று, இஞ்சி பூண்டு கரைசல் ஆயிற்று, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்தாயிற்று. பத்து நாளில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். நூறு வண்டு வாங்கி விட்டால் சிட்டிக்குள் வேலைக்காகுமா? சுற்றிலும் கான்கிரீட்தான். பறந்து போய்விடாதா?

இன்னொரு விஷயம். சில மாவுப்பூச்சிகள் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. உடம்பெல்லாம் வெள்ளை இழை தொங்குகிறது, தொட்டால் ஓடுகிறது. தாய்ப்பூச்சி போலிருக்கிறது என்று அவற்றைத்தான் முதலில் நசுக்குகிறேன். நேற்று மட்டும் பதினேழு.

வேடிக்கை பார்ப்பவன் | மார்ச் 3, காலை 9:05

வண்டை விட்டுவிட்டு மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள் சார், போகாது.

உரக்கடைக்காரர் (திருவள்ளூர்) | மார்ச் 3, காலை 10:22

கடையில் தினமும் இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். வண்டு, குளவி எல்லாம் பத்து ஏக்கர் தோட்டத்துக்குச் சரி. ஆறு தொட்டிக்கு நூறு வண்டு விட்டால் நான்கு நாளில் தின்று தீர்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். ரொம்ப மோசமான கிளையை வெட்டி எரித்துவிட்டு, வேரில் ஊற்றும் மருந்து ஒரு தடவை கொடுங்கள், முடிந்தது. ஆனால் அதே தொட்டியில் கீரை இருந்தால் வேண்டாம். விற்கிறவனே சொல்கிறேன்.

கோவைக்காரி (கோயம்புத்தூர்) | மார்ச் 3, மதியம் 1:48

தம்பி, அந்தப் பதினேழைப் படித்ததும் வயிறு எரிந்தது. நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் வண்டின் குஞ்சுதான் அது!

கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு அச்சு அசலாக மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டிருக்கும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், உடம்பெல்லாம் மெழுகு இழை. மாவுப்பூச்சிக்கு விளிம்பில் மட்டும் குட்டை இழை, கிட்டத்தட்ட அசையாது. ஒரு ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் மாவுப்பூச்சி. விறுவிறுவென்று ஓடினால் விட்டுவிடுங்கள், அது உங்கள் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதுவே வண்டானதும் நாலு மில்லிமீட்டர்தான், கறுப்பு முதுகு, தலையும் பின்பக்கமும் ஆரஞ்சு. புள்ளி எதுவும் இருக்காது.

இந்த வண்டு 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. காபிச் செடியின் பச்சைச் செதில்பூச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை, ஆனால் மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது. ஆக, கான்கிரீட்டைத் தாண்டி உங்கள் மூன்றாவது மாடிக்கு அதுவாகவே வந்திருக்கிறது. வாங்கலாமா என்பது அப்புறம். முதலில் வந்ததைக் கொல்லாமல் இருங்கள்.

மாடிக்காரன் | மார்ச் 3, இரவு 9:15

அக்கா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சாயங்காலம் ஈர்க்குச்சியோடு போனேன். மிச்சம் நான்கு இருந்தன. நான்கும் ஓடின. ஒன்று வாயில் ஒரு மாவுப்பூச்சியைக் கவ்விக்கொண்டே ஓடியது. மனைவி பக்கத்தில் நின்று, "ஒரு மாசமா அதைத்தானே தேடித் தேடி நசுக்கினீங்க" என்றாள்.

கோவைக்காரி | மார்ச் 4, காலை 7:30

சரி, போனது போகட்டும். இப்போது இரண்டு வேலை.

ஒன்று, எந்த மாவுப்பூச்சி என்று பாருங்கள். ஒன்றை விரலில் வைத்து நசுக்குங்கள். சாறு மஞ்சளாக வந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். இளஞ்சிவப்பாக வந்தால் செம்பருத்திக்கென்றே பேர் வாங்கிய இளஞ்சிவப்பு வகை. முதுகில் கறுப்புக் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் பருத்தியில் வரும் வகை. லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வகைக்கு வகை எதிரி வேறு, அதனால்தான் கேட்கிறேன்.

இரண்டு, தண்டில் எறும்பு ஏறுகிறதா?

மாடிக்காரன் | மார்ச் 4, காலை 8:10

மஞ்சள். எறும்பு வரிசைகட்டி ஏறுகிறது. அதுவாவது மாவுப்பூச்சியைத் தின்னட்டும் என்று விட்டுவைத்தேன்.

கோவைக்காரி | மார்ச் 4, காலை 8:31

தின்னாது தம்பி, மேய்க்கும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்துளிதான் எறும்புக்குச் சாப்பாடு. பால் கொடுக்கிற மாட்டை யாராவது விடுவார்களா? வண்டு வந்தால் கடித்து விரட்டும், முட்டையிட வரும் சிறு குளவியை உட்கார விடாது. நான் பார்த்தவரையில் மாடித்தோட்டத்தில் இயற்கை எதிரிகள் தோற்பதற்குப் பாதிக் காரணம் எறும்பு, மீதிப் பாதி நம் கையில் இருக்கும் ஸ்ப்ரேயர்.

தொட்டிகளை ஒரு ஸ்டாண்டில் ஏற்றிக் கால்களில் கிரீஸ் தடவுங்கள். சுவரையோ பக்கத்துச் செடியையோ ஒரு இலைகூடத் தொடக் கூடாது, அதையே பாலமாக்கிக்கொள்ளும்.

மொட்டைமாடி மங்கை (மதுரை) | மார்ச் 4, காலை 11:02

எங்கள் பாட்டி பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார். அதே மாதிரி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன், எறும்பு நின்றுவிட்டது. இரண்டாம் வாரம் அந்தக் கிண்ணத்திலேயே கொசுப்புழு நெளிந்தது. இப்போது தண்ணீருக்குப் பதில் விளக்கெண்ணெய்.

யாழ் தோட்டம் (யாழ்ப்பாணம்) | மார்ச் 4, பிற்பகல் 3:20

இந்த மஞ்சள் சாறுப் பூச்சி எங்களுக்கும் பழக்கம். 2008-ல் கொழும்பு, கம்பஹா பக்கம் வந்து பப்பாசி (பப்பாளி), செவ்வரத்தை (உங்கட செம்பருத்தி) எல்லாவற்றிலும் ஏறியது. வீட்டு முற்றத்துப் பப்பாசி மரங்கள் பஞ்சு போர்த்தின மாதிரி நின்றன. 2009-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பிறகு அடங்கியது. உங்கட பக்கம் என்ன செய்தவை?

கோவைக்காரி | மார்ச் 4, இரவு 8:55

அதே 2008-ல்தான் இங்கேயும். இந்தியாவில் முதலில் கண்டது எங்கள் கோயம்புத்தூரில். பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். அங்கே அதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை, எதிரிகள் கூடவே இருக்கின்றன. இங்கே எதிரி இல்லாமல் வந்து இறங்கியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. ஈரோடு, திருப்பூர் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் புழுவுக்குப் போட இலை இல்லாமல் நின்றார்கள். மல்பெரிக்கு மருந்தடித்தால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் இலை போகும்.

நகரத்துக்குள் என்ன நடந்தது என்பதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. எங்கள் தெருவில் வேலியோரச் செம்பருத்தி, காலி மனையில் பார்த்தீனியம், குப்பைமேட்டில் தானாக முளைத்த பப்பாளி எல்லாமே வெள்ளை. வயலுக்கு மருந்தடிக்க ஆள் உண்டு, காலி மனைக்கு யார் அடிப்பார்கள்? ஒரு மனையைச் சுத்தம் செய்தாலும் அடுத்த மனையிலிருந்து காற்றிலேயே வந்து இறங்கும். அப்போதுதான் பொரித்த குஞ்சுப்பூச்சி, கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்காது.

2010-ல் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் (இப்போது தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம்) புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்தி, வேறு எதையும் தாக்குகிறதா என்று சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தது. மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்பதுதான் கெட்டிக்காரக் குளவி. குளவி என்றதும் கொட்டும் என்று பயப்பட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளேயிருந்து தின்னும். சில மாதங்களில் தெரு வேலியெல்லாம் பச்சைக்குத் திரும்பிவிட்டது. காலி மனைக்கும் அதுவே போய்க்கொண்டது, யாரும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை.

தம்பி, உங்கள் செடியில் மாவு உதிர்ந்து, உடம்பு உப்பி, வெளிர்பழுப்பாக உருண்டு காய்ந்த பூச்சிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒரு முனையில் ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயாயிற்று. ஓட்டை இல்லையென்றால் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த இலையைப் பறித்து எறியாதீர்கள்.

உரக்கடைக்காரர் | மார்ச் 5, காலை 9:40

அம்மா சொன்னதெல்லாம் உண்மைதான், 2010-ல் நானே அட்டைப்பெட்டியில் குளவி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்படி அடங்கியது என்றால் 15 வருஷம் கழித்து மடிப்பாக்கத்தில் ஏன் இருக்கிறது?

அப்புறம், வெளியூரிலிருந்து உயிரைக் கொண்டுவருவது விளையாட்டு இல்லை. ஆஸ்திரேலியாவில் 1935-ல் கரும்பு வண்டுக்காகத் தென்னமெரிக்கத் தேரையை விட்டார்கள். தேரை வண்டைத் தின்னவில்லை, மற்ற எல்லாவற்றையும் தின்றது, இன்றைக்கும் அவர்களால் ஒழிக்க முடியவில்லை. சிட்டியில் ஆளாளுக்கு ஆன்லைனில் பூச்சி வாங்கி விட ஆரம்பித்தால் யார் பொறுப்பு?

கோவைக்காரி | மார்ச் 5, காலை 10:58

அண்ணா, தேரை கண்டதையெல்லாம் தின்னும். அசெரோஃபேகஸுக்குப் பப்பாளி மாவுப்பூச்சி தவிர வேறு வீடு கிடையாது. அந்த வித்தியாசத்தைச் சோதிக்கத்தான் அவ்வளவு கெடுபிடி. ஆளாளுக்கு வெளிநாட்டுப் பூச்சியை இறக்குமதி செய்யக் கூடாது என்பதில் உங்கள் கட்சிதான் நானும். கிரிப்டோலேமஸ் இங்கே நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அதை உள்ளூர்ப் பரிசோதனைக்கூடத்தில் வாங்கினால் தப்பில்லை.

"ஏன் இன்னும் இருக்கிறது" என்பது நல்ல கேள்வி. குளவி பூச்சியைப் பூண்டோடு ஒழிக்காது. ஒழித்தால் அதற்கே சோறு இல்லை. பூச்சி கொஞ்சம் இருக்கும், குளவியும் கொஞ்சம் இருக்கும். எங்கே திடீரென்று பூச்சி மட்டும் கிளம்புகிறதோ, அங்கே யாரோ குளவியைக் கொன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். மடிப்பாக்கத் தம்பி, உங்கள் தெருவில் கொசுப்புகை அடிக்கிறார்களா?

மாடிக்காரன் | மார்ச் 5, பகல் 12:14

அக்கா, உங்களுக்கு ஜோசியம் தெரியுமா? எங்கள் குடியிருப்புச் சங்கம் தனியாக ஆள் வைத்து வாரம் இரண்டு தடவை அடிக்கிறது. டிசம்பரிலிருந்து. மொட்டை மாடியையும் விடுவதில்லை.

பூச்சிப் பையன் (தாம்பரம்) | மார்ச் 5, மாலை 6:33

அண்ணா, நான் விலங்கியல் படிக்கிறேன், ஹாஸ்டலைச் சுற்றிப் பூச்சிப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. சிட்டியில் எதிரிகளே இல்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் பாத்ரூமிலேயே இருக்கும்.

ஜன்னல் கண்ணாடியில் ஒல்லிக்காலோடு ஒரு கறுப்புக் குளவி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயிறு மட்டும் ரொம்பச் சின்னது, முதுகிலிருந்து தனியாக ஒட்டவைத்தது போல, அதைக் கொடி ஆட்டுவதுபோல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அது எவானியா. கரப்பான் பூச்சியின் முட்டைப் பைக்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளே சுமார் பதினைந்து கரப்பான் முட்டைகள், ஒரு குளவிப் புழு. கடைசியில் அந்தப் பையிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு குளவி. நம்மைக் கொட்டாது. ஆனால் நம் வீட்டில் அதைப் பார்த்ததும் அம்மா எடுப்பது துடைப்பம்.

இன்னொன்று மரகதக் குளவி. பச்சை நீலமாக மின்னும், தொடை சிவப்பு. கரப்பானின் மூளையிலேயே குறிபார்த்துக் கொட்டும். கரப்பான் சாகாது, சொந்தப் புத்தி மட்டும் போய்விடும். அப்புறம் அதன் மீசையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, மாட்டை மூக்கணாங்கயிறு பிடித்து ஓட்டுவதுபோல் பொந்துக்கு நடத்திப் போகும். போன வருஷம் மெஸ்ஸுக்குப் பின்னால் சாக்கடை மூடிக்கருகில் இதைப் பார்த்தேன். இருபது நிமிஷம், சாப்பாடு ஆறிவிட்டது. இதை நம்பிக் கரப்பானை ஒழிக்கலாம் என்று சொல்லவில்லை. ஹவாய்த் தீவுகளில் 1941-ல் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. ஒரு குளவிக்கு ஒரு கரப்பான் என்ற கணக்கில் சமையலறைக்குக் கட்டுப்படியாகாது.

மொட்டைமாடி மங்கை | மார்ச் 5, இரவு 7:50

பிளக் பாயின்ட் ஓட்டையில் மண்கூடு கட்டுகிறதே, அதுவும் நல்ல குளவியா? குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று மாமியார் இடிக்க விடமாட்டேன் என்கிறார். எனக்கு இரண்டு போதும்!

பூச்சிப் பையன் | மார்ச் 5, இரவு 8:04

அக்கா, பானை மாதிரி சின்னக் கூடு என்றால் உள்ளே பச்சைப்புழுக்களை அடைத்திருக்கும், உங்கள் கத்தரி, தக்காளிக்கு லாபம். நீளநீளமாகக் குழாய் அடுக்கிய மாதிரி என்றால் பெரும்பாலும் சிலந்தி. பிளக் பாயின்ட்டில் மட்டும் வேண்டாம், இடித்துவிட்டு டேப் ஒட்டிவிடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (அண்ணாநகர்) | மார்ச் 6, காலை 6:15

பேச்சு கொசுப்புகைக்கு வந்ததால் சொல்கிறேன். எங்கள் வளாகத்துக் கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட்டிருக்கிறோம். சென்னையில் மலேரியாக் கொசு கிணற்றிலும் மேல்தொட்டியிலும்தான் முட்டையிடும், அதனால் கிணற்றில் மீன் விடுவது இங்கே பழைய வழக்கம். புகையைவிட ஆயிரம் மடங்கு மேல். மிச்ச மீனை ஏரியில் விடலாம் என்றிருக்கிறேன்.

பூச்சிப் பையன் | மார்ச் 6, காலை 7:02

ஐயா, தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். மூடிய கிணற்றில் இருக்கட்டும், அங்கே அது போக வேறு வழியில்லை. ஏரியில் விட்டால் தவளை முட்டை, தலைப்பிரட்டை, நம்மூர்ச் சிறுமீன் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். உலகின் மோசமான நூறு ஊடுருவி உயிர்களின் பட்டியலில் கம்பூசியாவும் உண்டு. தவளையும் தட்டான் குஞ்சும் ஏற்கெனவே கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஏரிக்கரையில் ஓடைகளில் நெற்றியில் வெள்ளிப்பொட்டோடு நீர்மட்டத்திலேயே நீந்தும் குட்டிமீன் ஒன்று இருக்கிறதே, அதுவும்தான்.

ஓய்வுபெற்ற பொறியாளர் | மார்ச் 6, காலை 7:40

வாளியில் எடுத்தே வைத்துவிட்டேன். சரி தம்பி, திரும்பக் கிணற்றுக்கே போகட்டும்.

யாழ் தோட்டம் | மார்ச் 6, காலை 9:11

டெங்கு நுளம்புக்குக் கிணற்று மீன் உதவாது ஐயா. அது பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, சிரட்டை, பழைய டயர் என்று ஒரு மிடறு தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் பெருகும். அந்தத் தட்டுக்கு எந்த மீன் வரும்? வாரத்துக்கு ஒருதரம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதுதான். எங்கட வீட்டில் அது வெள்ளிக்கிழமை வேலை.

மாடிக்காரன் | மார்ச் 15, இரவு 10:05

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்கள் செம்பருத்திக்காக எங்கள் பிள்ளைகளுக்கு டெங்கு வரணுமா?" என்று ஒருவர். நியாயமான கேள்விதான். யாழ் நண்பர் சொன்னதை நினைத்துக்கொண்டு, டார்ச் எடுத்துக்கொண்டு எல்லோரையும் கீழே கூட்டிப்போனேன். லிஃப்ட் குழி, ஜெனரேட்டருக்குப் பின்னால் மூடியில்லாத இரண்டு பெயின்ட் வாளி, கேள்வி கேட்டவர் வீட்டு மணிபிளான்ட் பாட்டில், மூன்றிலும் புழு. புகை இதில் எதையும் தொடவே இல்லை. முடிவு: வாராவாரம் கவிழ்ப்பதற்கு ஆள், புகை காய்ச்சல் வந்தால் மட்டும், மொட்டை மாடியில் கிடையாது. (என் மாடியிலும் ஒரு தொட்டித் தட்டில் புழு இருந்தது. அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை.)

ஸ்டாண்டுக்கு கிரீஸ் தடவியாயிற்று. மூன்றாவது நாளே எறும்பு வேறு வழி கண்டுபிடித்தது, துணி காயப்போடும் கொடி வழியாக! கொடியை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். மோசமான நுனிகளை வெட்டி, எரிக்காமல், கொசுவலைத்துணி கட்டிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு நிழலில் வைத்திருக்கிறேன், உள்ளே குளவி இருந்தால் வரட்டும் என்று.

உரக்கடைக்காரர் | மார்ச் 16, காலை 9:20

பாட்டில் யோசனை நல்லது. வெட்டி எரிக்கச் சொன்னது நான்தான். குளவி உள்ளே இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். ஒன்று மட்டும், பப்பாளியில் ஏறினால் காத்திருக்காதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள். மருந்து வேண்டாம். போதுமா அம்மா?

கோவைக்காரி | மார்ச் 16, காலை 9:55

போதும் அண்ணா. வேப்பெண்ணெயையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் தம்பி. இயற்கை மருந்து என்பதால் வண்டுப்புழுவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம், சோப்புக் கரைசல் மேலே பட்டால் அதுவும்தான் சாகும். இனி வண்டு வாங்குவதும் வீண். உரக்கடை அண்ணா முதலில் சொன்னது சரி, தீனி குறைந்தால் பறந்துவிடும்.

வேடிக்கை பார்ப்பவன் | மார்ச் 16, காலை 10:10

அப்போ கதவைப் பூட்ட வேண்டாமா?

மாடிக்காரன் | ஏப்ரல் 11, காலை 7:25

இடையில் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ப்ரேயரை மனைவி ஒளித்து வைத்திருக்காவிட்டால் கட்டாயம் அடித்திருப்பேன். ஒரு செம்பருத்தி போய்விட்டது, ஏற்கெனவே வேர்வரை பூச்சி இருந்தது. மீதி ஐந்தில் புதுத் துளிர். வெள்ளை அங்கங்கே இருக்கிறது, ஆனால் ஈர்க்குச்சியால் தொட்டால் பாதி ஓடுகிறது. ஆரஞ்சுத் தலை வண்டு ஆறு எண்ணினேன்.

இன்று காலை ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். வலைத்துணிக்கு அடியில், வெளிச்சம் வரும் பக்கம், தூசி மாதிரி பத்துப் பதினைந்து. தூசி என்றுதான் ஊதப் போனேன். நடந்தது.

அக்கா, இப்போதே திறந்து விடலாமா?

கோவைக்காரி | ஏப்ரல் 11, காலை 7:31

ஐயோ, வெயில் ஏறுகிறதே! பாட்டிலை நிழலிலேயே வையுங்கள். பொழுது சாய்ந்ததும் செம்பருத்திக்கு அடியில் படுக்க வைத்துத் துணியை அவிழ்த்துவிடுங்கள். கொடி மறுபடி செடியைத் தொடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.